மஸ்கட்டுக்குப் போட்ட தாளம்

செங்கமலம் தன் வாத்தியாரைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பார்த்தது கைப்பேசித் திரையில். அவள் மஸ்கட்டில் இருந்தாள். அவர் மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் இருந்தார்.

"எதுக்கு சார் கையப் பிடிச்சிட்டிருக்கீங்க?"

"விட்டா போட்டுரும்க்கா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் மிருதங்கம் வாசித்தாள். அவர் கேட்டார். வகுப்பு முடிந்தது.

அந்தக் கைக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டுமானால் முதல் வகுப்புக்குப் போக வேண்டும்.


அமிர்தகடேசன் மிருதங்க வாத்தியார். ஊரில் நேரில் வந்து படிக்கிறவர்கள் சிலர். கைப்பேசியில் படிக்கிற வெளிநாட்டுக்காரர்கள் சிலர். மீதி நேரத்தில் சாருமதி டீச்சரின் நாட்டியக் குழுவுக்கு வாசிப்பார். மேடை என்றால் அவருக்கு அதுதான்.

செங்கமலம் அதே ஊர்ப் பெண். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். சின்ன வயதில் அவள் தம்பிக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார்கள். தம்பி இரண்டு மாதத்தில் ஓடிவிட்டான். அவளைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. ஐம்பதை நெருங்கும்போது அவளே போய்ச் சேர்ந்துகொண்டாள்.

வாத்தியார் அவளைவிடச் சின்னவர். அதனால் அக்கா என்பார். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே திட்டுவார்.

"அக்கா, இது மிருதங்கம். பேஷண்டு இல்ல. பயப்படாம அடிங்க."

வெளிநாட்டுக்காரர்களுக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். கைப்பேசி வகுப்பு எடுக்கிற எல்லோரும் செய்வதுதான். படிக்கிறவர் இன்னொரு போனில் தாள ஆப்பை ஓடவிட்டு அதற்கு வாசிக்க வேண்டும். வாத்தியார் தன் பக்கத்துச் சத்தத்தை அணைத்துவிட்டு, சும்மா கேட்பார். முடிந்ததும் தப்பைச் சொல்வார்.

செங்கமலம் ஒரு வாரம் அப்படி வாசித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

"முடியல சார்."

"எது முடியல?"

"அந்த டிக் டிக். நாளெல்லாம் ஆஸ்பத்திரியில அதே சத்தந்தான். அது நின்னா எழுந்து ஓடணும். ரூமுக்கு வந்தா இங்கயும் டிக் டிக். வாசிக்கிற கை வாசிக்க மாட்டேங்குது. அது எப்ப நிக்கும்னு காத்திட்டிருக்கு."

வாத்தியார் திரையை நெருங்கி வந்து பார்த்தார்.

"எதிர்ல ஒரு கை இருந்தாப் போதும் சார். மனுசன் கை."

அவர் ஆப்பை அணைக்கச் சொன்னார். தன் தொடையில் கையை வைத்தார்.

"வாசிங்க. நான் போடறேன்."


அது வேலைக்கு ஆகவில்லை.

அவள் வாசிப்பது அவருக்குக் கொஞ்சம் பிந்திப் போய்ச் சேரும். அதற்கு அவர் போடும் தட்டு அவளுக்கு இன்னும் பிந்தி வரும். அவள் அந்தத் தட்டுக்காகக் காத்திருப்பாள். அவள் காத்திருப்பதைப் பார்த்து அவரும் காத்திருப்பார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு வழிவிட்டு, கடைசியில் தாளம் நடுவழியில் நின்றுபோகும்.

"நீங்க போங்கக்கா."

"நீங்க போடுங்க சார்."

"நான் போட்டுட்டேனே."

"இன்னும் வரலியே."

அவள் புதுப் போன் வாங்கினாள். கூட இருந்த மலையாள நர்ஸிடம் சொல்லி வைஃபை பெட்டியைச் சமையலறையிலிருந்து தன் கட்டிலுக்குப் பக்கத்தில் மாற்றிவைத்தாள். அப்படியும் தட்டு பிந்தித்தான் வந்தது.

"விட்டுடலாமா சார்?" என்று ஒருநாள் கேட்டாள். கேட்டுவிட்டு மிருதங்கத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"நாளைக்கு வாங்க" என்றார்.

மறுநாள் வகுப்புத் தொடங்கும் முன் அவர் புதிதாக ஒன்று செய்தார்.

"அக்கா, நான் ஒரு தட்டு தட்டறேன். கேட்டதும் நீங்க தட்டுங்க."

தட்டினார். அவள் தட்டினாள். மறுபடி தட்டினார். மறுபடி தட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சரி. வாசிங்க."

அவள் தொடங்கினாள். தட்டு சரியாக விழுந்தது. அவள் கை விழுகிற இடத்தில் அவர் கையும் விழுந்தது. கையைப் புரட்டிப் போடும் வீச்சும் அப்படியே. அவள் நம்பாமல் இன்னொரு சுற்று வாசித்தாள். கை கூடவே வந்தது.

"சார்! நெட் நல்லாயிருச்சு!"

"ஆமாக்கா. இப்ப நல்லாருக்கு."

அன்று முதல் ஒவ்வொரு வகுப்பும் அந்தத் தட்டில்தான் தொடங்கியது. வாசிப்பதற்கு முன் வாத்தியத்தைத் தொட்டுக் கும்பிடுவது போல அதுவும் ஒரு வழக்கம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வருடங்கள் போயின. மூடிய கதவுக்குள், மிருதங்கத்துக்கு அடியில் மடித்த போர்வை போட்டு, அவள் நன்றாக வாசிக்கத் தொடங்கினாள்.


ஒரு மார்கழிக்கு லீவில் வந்தாள். ஊர் பஜனை மடத்தில் ஒருநாள் அவள் வாசிப்பதாக ஏற்பாடு.

அதற்கு முன் வாத்தியார் வீட்டில் ஒத்திகை. முதல் முறையாக எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள்.

"போன்ல ஒல்லியா தெரிவீங்க" என்றார்.

"நீங்க போன்ல இன்னும் கோபக்காரரா தெரிவீங்க சார்."

மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு அவளே கேட்டாள். "தட்ட வேணாமா சார் முதல்ல?"

அவர் சற்றுத் தயங்கினார். "இங்க எதுக்கு? பக்கத்துலதான இருக்கோம்" என்றார்.

வாசித்தாள்.

முதல் தட்டிலேயே ஏதோ தவறியது. அவள் கை விழுவதற்குள் அவர் கை விழுந்துவிட்டது. தான்தான் பிந்துகிறோம் என்று நினைத்து வேகம் கூட்டினாள். அவர் கை அதற்கும் முன்னால் போனது. மறுபடி கூட்டினாள். நெற்றியில் வியர்த்தது. நாலைந்து சுற்றில் மூச்சு வாங்கி நிறுத்திவிட்டாள்.

மறுபடி தொடங்கினார்கள். மறுபடியும் அதேதான்.

வாத்தியாரிடம் யாரும் சொல்லக் கூடாத ஒன்றை அவள் சொல்லிவிட்டாள்.

"சார், ஓடறீங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி வனஜா எட்டிப் பார்த்தாள்.

"சாருமதி டீச்சரும் அதைத்தான் சொன்னாங்க. ஆடற பொண்ணுங்களுக்குக் கால் தடுக்குதாம். போன ஆவணியிலேர்ந்து வேற ஆள வெச்சிட்டாங்க."

"வனஜா."

"சொன்னா என்ன? அக்காதான?"

"வேற ஆளா?" என்றாள் செங்கமலம். "நீங்க சொல்லவே இல்லியே சார்."

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். அடுத்தவர் வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"என்ன சார் ஆச்சு? போன்ல நீங்க ஒரு நாளும் இப்படிப் போட்டதில்லையே. எனக்கு ஒரு தட்டு தப்பினதில்லையே."

"வாங்கக்கா" என்று எழுந்தார்.


தெப்பக்குளத்துக்குக் கூட்டிப்போனார். பெரிய குளம். எதிர்க்கரைப் படித்துறையில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்க" என்றார்.

துணி கல்லில் விழுந்தது. சத்தம் வரவில்லை. அவள் துணியை மறுபடி தூக்கும்போதுதான் சத்தம் வந்தது.

"எது முந்தி?"

"துணி முந்தி. சத்தம் பிந்தி."

"அந்த அம்மாவுக்கு?"

செங்கமலம் யோசித்தாள். "அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்."

"சரி. கண்ண மூடிக்கங்க. சத்தத்த மட்டும் கேளுங்க. அவங்க துவைக்கிறதுக்கு இங்கேர்ந்து கை தட்டுங்க. நீங்க தட்டற சத்தம் அங்க போய்ச் சேரும்போது, அவங்க துணி கல்லுல விழணும்."

அவள் கண்ணை மூடினாள். எதிர்க்கரையிலிருந்து சத்தம் வந்தது. கையைத் தூக்கினாள். அதனோடு சேர்ந்து தட்டினால் பிந்திப் போகும். கொஞ்சம் முந்தித் தட்டிப் பார்த்தாள். அந்தச் சத்தமே பிந்தி வந்த சத்தம் என்பது நினைவுக்கு வந்தது. இன்னும் முந்த வேண்டும். காதில் விழுவது ஓர் இடம், கை விழ வேண்டியது வேறோர் இடம். இரண்டு தட்டு தட்டினாள். மூன்றாவதற்குக் கை வரவில்லை.

கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சார்."

"சொல்லுங்க."

"நெட் நல்லாகலியா?"

"நெட்டு என்னைக்குக்கா நல்லாச்சு?"

எதிர்க்கரைப் பெண் துணியைப் பிழிந்தாள். உதறினாள். அடுத்த துணியை எடுத்தாள்.

"இத்தன வருசமும் காதுல கேக்கறத விட்டுட்டு முன்னாடியா போட்டீங்க?"

"வகுப்புக்கு முந்தி தட்டச் சொன்னது எவ்வளவு பிந்துதுன்னு அளக்கத்தான். மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஒரு சுற்று போடறதுக்குள்ள தலை சுத்தும். அப்புறம் பழகிருச்சு."

அவர் கொஞ்சம் சிரித்தார்.

"ரொம்பப் பழகிருச்சு."

"மத்தவங்கள மாதிரி என்னையும் ஆப்புக்கு வாசிக்க வெச்சிருக்கலாம்ல?"

"நீங்க என்ன கேட்டீங்க?"

அவள் படியில் ஒட்டியிருந்த பாசியை நகத்தால் சுரண்டினாள்.

"எதிர்ல ஒரு கை வேணும்னீங்க. நான் வாத்தியார். நீங்க பீஸ் கட்டினது கைக்குத்தான்" என்றார். அதைச் சிரிப்பாகத்தான் சொன்னார்.

"சொல்லியிருக்கலாம் சார்."

"சொல்லியிருந்தா கையப் பாத்து வாசிச்சிருக்க மாட்டீங்க. கைக்கு என்னாச்சோன்னு பாத்துட்டே இருந்திருப்பீங்க."

"நான் நிறுத்திக்கறேன்."

"எத?"

"வகுப்ப."

அவர் நிஜமாகவே கோபப்பட்டார்.

"நிறுத்தினா நான் கெட்டது வீணாப் போயிடும்க்கா."


மார்கழியில் அவள் மடத்தில் வாசித்தாள். போகும்போது வாத்தியார் ஒன்றே ஒன்று சொன்னார்.

"அங்க யார் கையையும் பாக்காதீங்க. பாட்டக் கேளுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டு பாட்டைக் கேட்டு வாசித்தாள். நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் தூணுக்குப் பின்னால், கைகளை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மஸ்கட்டுக்குத் திரும்பியதும் தாள ஆப்பை மறுபடி ஏற்றினாள். டிக் டிக் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கு வாசித்தாள்.

"நீங்க தாளம் போடக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

"உத்தரவு" என்றார். முதலில் கையைச் சும்மா மடியில் வைத்துக்கொண்டார். அது தானாகத் துடித்தது. ஒரு தட்டு விழும், அவள் முறைப்பாள், அவர் கையை இழுத்துக்கொள்வார். பிறகு கையைக் கையால் பிடித்துக்கொள்ளப் பழகினார்.

"கை திரும்பிருச்சா சார்?"

"திரும்பிடும். தானா வரும். அதுவா போனதுதான?"

"சாருமதி டீச்சர் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிடுவாங்க."

ஒவ்வொரு வகுப்பிலும் கேட்டாள். ஒவ்வொரு வகுப்பிலும் அதே பதிலைச் சொன்னார்.

ஒருநாள் வகுப்பு நேரத்துக்கு அவர் பெயர் திரையில் வந்தது. மிருதங்கத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழைப்பை எடுத்தாள். திரையில் வனஜா இருந்தாள். வாய் அசைந்தது. அழுகை பிந்தி வந்தது.


காரியத்துக்குத்தான் லீவு கிடைத்தது.

வனஜா சமையலறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். விடிகாலையில் நெஞ்சைப் பிடித்தது. கார் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"தையில டீச்சர் ஒரு தடவ கூப்பிட்டாங்க அக்கா. போய்ட்டு வந்தாரு."

"என்ன ஆச்சு?"

"அதே ஓட்டந்தான். டீச்சர் ஒண்ணும் சொல்லலியாம். காப்பி கொடுத்து அனுப்பிச்சாங்களாம். வந்து மிருதங்கத்த உறைக்குள்ள போட்டவர்தான்."

"என்கிட்ட கூப்பிடுவாங்கன்னு சொல்லிட்டே இருந்தாரே."

"அக்காகிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு. சொன்னா உங்க கை நடுங்கும், கோர்வைப் பாடம் முடிக்கிற நேரத்துல போய் எதுக்குன்னாரு."

செங்கமலம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வனஜா வெங்காயம் உரிக்கப் போனாள்.


மறுநாள் சாயங்காலம் பஜனை மடத்தில் வாத்தியாருக்காகப் பாடினார்கள்.

அவரிடம் நேரில் படித்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மருந்துக்கடை கோதண்டபாணி, தபால் ஆபீஸ் அம்மா, பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிள்ளைகளைக் கூட்டிவந்து தாங்களும் கற்றுக்கொண்ட இரண்டு தகப்பன்மார். மடத்தில் வழக்கமாகப் பாடும் பாகவதர் பாடத் தொடங்கினார். ஒருவர் மிருதங்கம் வாசிக்க, மற்றவர்கள் வரிசையாக உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டார்கள்.

செங்கமலமும் போட்டாள்.

இரண்டாவது வரியில் அவள் கை நின்றது.

எல்லோர் கையும் சேர்ந்து விழுந்தது. ஒரே கை போல விழுந்தது. ஆனால் பாட்டுக்கு முன்னால் விழுந்தது. பாகவதர் வார்த்தையைத் தொடுவதற்குள் தட்டு விழுந்து முடிந்திருந்தது. மிருதங்கமும் கையோடுதான் போனது. பாகவதர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அவருக்குப் பழகிவிட்டது போலிருந்தது.

அவள் பாட்டைக் கேட்டு மறுபடி தொடங்கினாள். அந்த வரிசையில் அவள் கை மட்டும் தனியாக விழுந்தது.

கோதண்டபாணி பக்கத்திலிருந்து சாய்ந்தார்.

"அக்கா, பிந்தறீங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் கேலி இல்லை. கூட ஓடுகிறவனைக் கைகொடுத்து இழுக்கிறவர் முகம்தான்.

"வாத்தியார் இருந்தா விடுவாரா?" என்றார்.

சொல்லிவிடலாம். எளிதாகச் சொல்லிவிடலாம். பாட்டு முடிந்ததும் எல்லோரையும் தெப்பக்குளத்துக்கு அழைத்துப்போய்க்கூடச் சொல்லலாம். வாய் திறந்தாள்.

அப்போது பின்னாலிருந்து வனஜா அவள் தோளைத் தொட்டாள். அன்றைக்குத்தான் அவள் முதல் முறையாக வீட்டைவிட்டு வெளியே வந்திருந்தாள். வரிசையில் ஏறி இறங்கும் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"அப்படியே அவரு கைதான் அக்கா. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாருக்கும் அப்படியே வந்திருக்கு."

"ஆமா வனஜா."

செங்கமலம் முன்னால் திரும்பினாள். அடுத்த தட்டுக்குக் கையைக் கொஞ்சம் முன்னால் போட்டாள். பாட்டு பின்னால் வந்தது.

"இப்ப சரி" என்றார் கோதண்டபாணி.

அந்த மடத்தில் இன்றைக்கும் தாளம் பாட்டுக்குச் சற்று முன்னால்தான் விழுகிறது.